முருங்கை இலை வறையும் சின்னமுத்தும்

கார்த்திகை மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒருவருக்காவது தடிமனோ காய்ச்சலோ வந்துவிடும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் சத்துமா, தேன், குளிசை என்று கைபேசியிலும் செய்திகள் குவியும். இந்தக் கூட்டுதல் என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. உடலின் எதிர்ப்பு கட்டுமீறிக் கூடினால் அதுவே ஆளைச் சாய்க்கும். கொரோனாக் காலத்தில் நுரையீரல் கெட்டு இறந்த பலரில் வைரஸோடு சேர்ந்து அவர்களின் சொந்த எதிர்ப்பு மண்டலம் மூட்டிய அழற்சியும் காரணமாக இருந்தது. உணவு எங்கே உதவுகிறது என்பதை விளங்கிக்கொள்ள அடுப்படியிலிருந்து தொடங்கலாம்.

அம்மம்மா முருங்கை இலை வறை செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இலையை உருவி, காம்பு நீக்கி, கழுவிப் பொடியாக அரிவார். தாச்சியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் தாளித்து, இலையைப் போட்டுப் பிரட்டுவார். இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ. அரியும்போதும் வதக்கும்போதும் இலையின் கலச்சுவர்கள் உடைகின்றன. உள்ளே இருக்கும் பீற்றா கரோட்டின் வெளியே வருகிறது. அது நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெயும் தேங்காய்ப்பூவும் இல்லாமல் அவித்த இலையை மட்டும் தின்றால் அதில் பெரும்பகுதி குடலைத் தாண்டிப் போய்விடும். உள்ளே போன கரோட்டினை உடல் தன் தேவைக்கேற்ப விற்றமின் ஏ ஆக மாற்றி, மிச்சத்தை ஈரலில் சேமித்துக்கொள்கிறது.

சரி, அந்த விற்றமின் வைரஸை என்ன செய்யும்? நேரடியாக ஒன்றும் செய்யாது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், குடல் எல்லாவற்றின் உட்பூச்சிலும் சளி சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. புதிதாகப் பிறக்கும் கலம் சளி சுரக்கும் கலமாக வளர வேண்டும் என்ற கட்டளை விற்றமின் ஏயிலிருந்துதான் போகிறது. அது குறைந்தால் ஈரமாக இருக்க வேண்டிய பூச்சு தோல்போல வறண்டு தடிக்கிறது. சளிப்படலம் போனால் வைரஸுக்கு வழி திறந்துவிடும். இன்னொரு வேலையும் உண்டு: வெண்குருதிக் கலங்கள் சிலவற்றுக்கு ‘நீ குடலுக்குப் போ’ என்று முகவரி எழுதிக் கொடுப்பதும் இதே விற்றமின்தான்.

இது உயிர் காக்கும் விஷயம் என்று உலகம் அறிந்தது இந்தோனேசியாவில். விற்றமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் உள்ள பிள்ளைகள் அதிகம் இறப்பதைக் கண்ணியல் மருத்துவர் அல்பிரட் சோமர் கவனித்தார். அச்சே பகுதியில் பிள்ளைகளுக்கு ஆறு மாத இடைவெளியில் விற்றமின் ஏ கொடுத்துப் பார்த்தபோது, இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1986இல் முடிவு வெளியானது. சின்னமுத்து (தட்டம்மை) வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்கள் விற்றமின் ஏ கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதனால்தான். அந்த நோய் உடலின் விற்றமின் ஏ இருப்பை வேகமாகக் கரைத்துவிடும். அந்த மருந்தளவு மிகப் பெரியது, வைத்தியரிடம் மட்டுமே எடுக்க வேண்டும். இலங்கையில் சின்னமுத்தைக் கட்டுப்படுத்தியது தடுப்பூசி என்பதையும் மறக்கக்கூடாது. எந்த வறையும் தடுப்பூசிக்கு ஈடாகாது.

அடுத்தது மீன். பாசையூரிலும் குருநகரிலும் கரைக்கு வரும் சூடையும் நெத்தலியும் விலை குறைந்தவை என்பதால் அவற்றுக்கு மதிப்பும் குறைவு. ஆனால் அவற்றில் இருப்பது நல்ல புரதம். வைரஸை மடக்கும் பிறபொருளெதிரிகள் எல்லாமே புரதம். அவற்றைச் செய்யும் ஒரு கலம் நொடிக்கு ஆயிரக்கணக்கில் செய்து தள்ளும். வைரஸ் புகுந்த கலம் அயல் கலங்களை எச்சரிக்க விடும் இன்டர்பெரோனும் புரதமே. 1957இல் ஐசாக்சும் லிண்டன்மனும் கண்டுபிடித்தது. புரதம் இல்லாமல் வாடும் பிள்ளையில் எதிர்ப்புக் கலங்கள் சிலவற்றுக்குப் பயிற்சி கொடுக்கும் தைமஸ் சுரப்பியே சுருங்கிவிடும்.

கடல் மீனில் செலீனியம் என்ற கனிமமும் நிறைய உண்டு. சீனாவில் கேஷான் என்ற இடத்தின் பெயரால் அறியப்படும் இதய நோய், மண்ணில் செலீனியம் குறைந்த பகுதிகளில் வந்தது; அதில் கொக்ஸாக்கி என்ற வைரஸுக்கும் பங்கிருப்பதாகத் தெரிந்தது. மெலிண்டா பெக் என்ற ஆய்வாளரும் குழுவினரும் செலீனியம் குறைந்த எலிகளுக்கு இதயத்தைத் தாக்காத கொக்ஸாக்கி வகையொன்றைக் கொடுத்தார்கள். அவற்றின் இதயம் கெட்டது. அந்த எலிகளிலிருந்து எடுத்த வைரஸை நல்ல தீனி தின்ற எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இதயமும் கெட்டது. குறைபாடுள்ள உடலுக்குள் வைரஸே மரபணு மாறிக் கொடியதாகியிருந்தது. 1995இல் வந்த இந்த முடிவை வாசித்தபோது உண்மையிலேயே திடுக்கிட்டேன். ஒரு வீட்டின் பட்டினி அடுத்த வீட்டுப் பிள்ளையையும் தொடலாம்.

தேசிக்காய், நெல்லிக்காய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விற்றமின் சியை நாள்தோறும் எடுப்பவர்களுக்குத் தடிமன் வராமல் போவதில்லை. வந்த தடிமன் பெரியவர்களில் 8 வீதமளவு சீக்கிரம் மாறுகிறது. தடிமன் பிடித்த பிறகு தொடங்கினால் குறிப்பிடும்படி பயன் தெரியவில்லை.

என் மனதை உறுத்துவது நோய் நேரத்துச் சாப்பாடுதான். கொப்பளிப்பான் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ பல வீடுகளில் மீனும் முட்டையும் நின்றுவிடும். காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் ஏற உடல் எரிக்கும் சக்தி பத்து வீதமளவு கூடுகிறது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் இன்புளுவென்சா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோசு கிடைத்தபோது அவை கூடுதலாகப் பிழைத்தன. அதைப் பயன்படுத்த விடாமல் தடுத்தபோது இறந்தன. அம்மம்மா வைத்த அரிசிக் கஞ்சி சரியானதுதான். சைவக்காரர் வீடென்றால் அதில் பாசிப்பயறு சேர்க்கலாம். மற்ற வீடுகளில், பிள்ளை வாய் திறந்தால், முள் எடுத்த மீனோடு இரண்டு கரண்டி சொதி விட்டுக் குழைத்துக் கொடுக்கலாம்.