சக்கிமுக்கித் துப்பாக்கி: பொறிக்கும் குண்டுக்கும் நடுவே

விசையை இழுத்ததும் முதலில் ‘சக்’கென்று ஒரு சத்தம். கன்னத்தருகே ஒரு மின்னல். அதற்குப் பிறகுதான் ‘தொம்’. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடியின் சிறு துண்டு காதில் தனியாகக் கேட்கும். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியின் அழகெல்லாம் அந்தச் சிறு துண்டில்தான் இருக்கிறது என்பேன்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஃபிரண்ட்ஷிப் என்றொரு சிற்றூர் உண்டு. இத்தகைய துப்பாக்கிகளுக்கென்றே 1933-இல் உருவான தேசியச் சங்கத்தின் சுடுதளம் அங்கே இருக்கிறது. தோல்பையும் மாட்டுக்கொம்புக் குப்பியுமாகப் போட்டிக்கு வருகிறார்கள். நம் நாட்டில் இந்த வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

இன்றைய தோட்டாவில் குண்டு, மருந்து, பற்றவைக்கும் பொருள் எல்லாம் ஒரே பித்தளை உறைக்குள் அடங்கிவிடுகின்றன. நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கேயோ ஒவ்வொன்றையும் கையால் ஊட்ட வேண்டும். சுடுபவர் மருந்தைச் சிறிய பித்தளைக் குழாயில் அளந்து குழலுக்குள் கொட்டுகிறார். எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணித் துண்டைக் குழலின் வாயில் விரித்து, நடுவே ஈய உருண்டையை வைக்கிறார். அரை அங்குலக் குழலுக்கான உருண்டை சுமார் 11.5 கிராம் இருக்கும்; குழலின் துளையைவிட மயிரிழை சிறியது. அந்த மயிரிழையை அடைப்பது துணிதான். குழலின் உட்சுவரில் திருகாக வெட்டிய பள்ளங்களைத் துணி பற்றிக்கொண்டு உருண்டையையும் சேர்த்துச் சுழற்றுகிறது. தாறுமாறாகச் சுழலும் பந்தைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். சுழற்பந்து காற்றிலேயே விலகுவது அதனால்தான். போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழன்றால் அந்தத் தள்ளல் இல்லை.

பிறகு நீண்ட கம்பியால் உருண்டையை மருந்தின்மேல் அழுந்தும்வரை இறக்க வேண்டும். உருண்டை பாதியில் நின்று இடைவெளி விழுந்தால் குழலே வீங்கவோ வெடிக்கவோ கூடும். அதனால் கம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள். கோடு குழல்வாய்க்கு நேராக வராமல் யாரும் சுடுவதில்லை.

இனி பொறி. சக்கிமுக்கிக் கல்லிலிருந்து நெருப்பு வருவதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் எரிவது இரும்பு. ‘குதிரை’ எனப்படும் சுத்தியல் பாகம் தன் வாயில் கல்லைக் கவ்வியிருக்கிறது. அது பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும்போது, கல்லின் கூர்விளிம்பு எஃகிலிருந்து நுண்ணிய துருவல்களைச் சீவி எடுக்கிறது. சீவும் வேகத்தில் அவை பழுக்கக் காய்ந்து, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. குழலின் பக்கத்தில் சிறிது மருந்து இட்டு வைத்த கிண்ணிக்கு அதே தகடுதான் மூடியும். அடி விழுந்ததும் திறந்துகொண்டு பொறிகளுக்கு வழிவிடுகிறது. ஒரே அசைவில் பொறியும் பிறந்து கதவும் திறக்கும் இந்த அமைப்பை 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் மாரின் லெ பூர்ஷுவா என்ற பிரெஞ்சுக்காரர் என்பார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கிண்ணியிலுள்ள மருந்து பற்றி, சுவாலை ‘பற்றுவாய்’ என்ற சிறு துளை வழியே குழலுக்குள் நுழைகிறது. ‘சக்’குக்கும் ‘தொம்’முக்கும் நடுவே நடப்பது இந்தப் பயணம். துளை அடைத்திருந்தால் கிண்ணியில் மட்டும் புஸ்வாணம், குண்டு அசையாது. எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த இடைவேளை முழுவதும் சுடுபவர் மூச்சையும் கையையும் அசைக்கக் கூடாது. இந்த ஆட்டத்தின் தேர்ச்சி அதுதான்.

கருமருந்தில் மூன்றே பொருள்கள்: எடையில் 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரி எரிபொருள். கந்தகம் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ள உதவும். வெடியுப்பு தனக்குள் ஆக்சிஜனைக் கட்டி வைத்திருப்பதால், அடைத்த குழலுக்குள்ளும் நெருப்பு மூச்சுத் திணறுவதில்லை. ஒரு காலத்தில் பீகார் மண்ணில் காய்ச்சி எடுத்த வெடியுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது.

மருந்து மாவாக இல்லாமல் மணிமணியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மாவாக அழுந்திக் கிடந்தால் நெருப்பு மேலிருந்து அடுக்கடுக்காகத்தான் இறங்கும். மணிகளாக இருந்தால் இடைவெளிகள் வழியே ஓடி எல்லா மணிகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட்டுவிடும். சுள்ளி கட்டையைவிட விரைந்து எரிவதுபோல், சிறு மணி பெரு மணியைவிட விரைந்து எரியும். கிண்ணிக்கு நொய்யும் குழலுக்குச் சற்றுப் பருத்த மணியும் இடுவது அதனால்தான். இந்தக் குழலில் புகையில்லா நவீன மருந்தை ஒருபோதும் இடக்கூடாது. அதன் அழுத்தம் குழலைப் பிளந்துவிடும்.

ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், கிண்ணி மின்னலைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதைப் பொறுக்காமல், அடித்தால் பற்றும் மருந்தைக் கையாண்டு 1807-இல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த, அத்தகைய மருந்தை அடக்கிய சிறு செம்புத் தொப்பிகள் இடைவேளையை வெகுவாகச் சுருக்கின.

எரிந்த கருமருந்தில் எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. நமக்குத் தெரியும் வெண்புகை காற்றில் மிதக்கும் பொட்டாசிய உப்புகள்தாம். குழலில் படியும் மீதி, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் அன்று மாலையே சோப்பு கலந்த வெந்நீரால் குழலைக் கழுவ வேண்டும். முதல் துணி தார் போலக் கறுத்து, அழுகிய முட்டை வாடையோடு வெளியே வரும். அடுத்தது சாம்பல் நிறம். வெந்நீரில் சூடேறிய குழல் தானே உலரத் தொடங்கும். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விட்டுவிட்டு உள்ளே போக மாட்டார்கள். வெள்ளையாக வந்த பிறகு ஓர் எண்ணெய்த் துணி, அவ்வளவுதான்.