டாக்வுட் பூவில் இதழ் எது?

தென்னாப்பிரிக்காவின் மேட்டுப்பகுதி ஊரான ஹில்டனில் மகள் வீட்டெதிரே வெள்ளை வெளேரென்று பூத்து நின்ற டாக்வுட் மரத்தில் ஒரு வாசகிக்கு மனம் போய்விட்டது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் வைத்தால் பூக்குமா, அடியில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, மரம் பிழைக்கலாம், பூப்பதுதான் சந்தேகம். வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் இனம் இது. நல்ல குளிர் பட்டால்தான் மொட்டின் உறக்கம் கலையும். டர்பன் கரையோரத்தில் ஜூலை இரவுகூட சராசரியாக 11, 12 டிகிரிதான். ஹில்டன், ஹோவிக் பக்கம் உறைபனியே விழுகிறது.

அந்த மொட்டு இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இதழ் என்று நாம் ரசிக்கும் நான்கும் இதழே அல்ல, பூவடிச்செதில்கள், அதாவது பூவுக்கு அடியில் உருமாறி வளரும் இலைகள். நம் வேலியோரக் காகிதப்பூவிலும் இதே கதைதான். நிஜப் பூக்கள் நடுவில் பொடிப்பொடியாக, பச்சை கலந்த மஞ்சளில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும்.

நம் ஊர்க் கோடை முடிவதற்குள்ளேயே அடுத்த வசந்தத்துக்கான மொட்டு உருவாகிவிடும். நான்கு செதில்களும் கூப்பிய கைபோல் அதை மூடிக்கொண்டு குளிர்காலத்தைக் கடக்கின்றன. பல மரங்களில் இப்படி மூடிக் காக்கும் செதில்கள் மொட்டு விரிந்ததும் உதிர்ந்துபோகும். டாக்வுட்டில் அவையே மறுபடி வளரத் தொடங்குகின்றன. குளிரில் காய்ந்து இறுகிய நுனி வளராது. அதற்குக் கீழுள்ள பகுதி மட்டும் அகன்று, வெளுத்து, விரிகிறது. பின்தங்கிய நுனி ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் பழுப்பு வெட்டாக நின்றுவிடும்.

அந்த வெட்டு ஆணித் தழும்பு, இயேசுவின் சிலுவை இந்த மரத்தில்தான் செய்யப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அமெரிக்கக் கண்டத்து மரம் அன்றைய எருசலேமுக்கு எப்படிப் போகும்? கதை சொல்பவர்கள் சொல்லட்டும். பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு மொட்டைப் பிரித்துக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

இலை உதிர்ந்த கிளையில் பொத்தான்போல் உருண்டிருப்பது பூமொட்டு, கூராக இருப்பது இலைமொட்டு. அதனால் குளிர்காலத்தில் கத்தரிக்காதீர்கள். பூத்து முடிந்த கையோடு செய்யுங்கள்.

மகள் வீட்டில் வைப்பதானால் துணைக்கு அசேலியா முதல் தேர்வு. இரண்டுக்கும் லேசான அமில மண், பி.எச். 5.5 முதல் 6 வரை, ஒத்துவரும். ஆழ்நிழல் பக்கம் நம் நாட்டுக் கிளைவியா. வேர்ப்போட்டியை நன்றாகத் தாங்கும். டாக்வுட் வேர் மேலாகவே ஓடுவதால் மண்ணைக் கொத்தாமல், சிறு நாற்றுகளாகச் செருகுங்கள். அடியில் புல் மட்டும் வேண்டாம். தண்ணீரை அது குடித்துவிடும். புல்வெட்டி பட்டையைச் சீவினால் அந்தக் காயத்தில் துளைப்பான் புழு நுழையும். புல்லுக்குப் பதில் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.