பிளாஸ்கில் கட்டங்காப்பி கொண்டுவரும் அம்மாக்களுக்கும், ஐஸ் காப்பியில் சரக்கு கலக்கும் பிள்ளைகளுக்கும்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணி. கேஷுவாலிட்டியில் மூன்றாவது கட்டிலில் இருபத்தாறு வயதுப் பையன். அழகியமண்டபம் தாண்டி பைக்கோடு ஓடைக்குள் சரிந்திருக்கிறான். தாடையில் ஆறு தையல், இடது பக்கம் காறை எலும்பு முறிவு, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறான், ஆனால் ஒரே பதிலை மூன்று முறை சொல்கிறான்.

அரை மணி நேரத்தில் அவன் அம்மா வந்தார். கையில் ஒரு பிளாஸ்க், உள்ளே பால் சேர்க்காத காப்பி. "கட்டங்காப்பி டாக்டரம்மா, நல்ல கடுப்பமா போட்டுக் கொண்டாந்திருக்கேன். ரெண்டு மடக்கு உள்ள போனா மக்களுக்குத் தெளிஞ்சிரும்" என்று மூடியைத் திறந்துவிட்டார். தலையில் அடிபட்டவன், எந்த நிமிடமும் வாந்தி எடுக்கக்கூடியவன், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கையைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பையன் குடித்துவிட்டு வந்ததே காப்பியைத்தான். சாயங்காலம் நண்பன் வீட்டு மாடியில் நாலு பேர் சேர்ந்து கோல்ட் ப்ரூ, அதாவது பச்சைத் தண்ணீரில் பல மணி நேரம் ஊறவைத்த காப்பி போட்டு, அதில் வோட்கா ஊற்றி, மில்க்மெய்டும் ஐஸும் போட்டு அடித்திருக்கிறார்கள். "நான் தெளிவாத்தான் இருந்தேன் டாக்டர். கண்ணுகூட சொக்கல. சொக்கியிருந்தா வண்டியத் தொட்டிருக்கவே மாட்டேன்." அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று மாதத்துக்குள் இதே வசனத்தை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் டூட்டி முடிந்து தூங்கப் போகாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அம்மாவும் மகனும் நம்பியது ஒன்றையேதான். காப்பி குடித்தால் போதை தெளியும். எங்கள் குமரி மாவட்டத்தில் இது பால்குடியோடு வரும் நம்பிக்கை. கல்யாண வீட்டில் மாமா கொஞ்சம் ஆடிக்கொண்டு வந்தால், "ஏ பிள்ளே, மாமாவுக்கு ஒரு கட்டன் போடு" என்று குரல் வரும். அந்த நம்பிக்கை இப்போது ரீல்ஸ் பார்த்து வளர்ந்த பிள்ளைகளின் கையில் வேறு உருவம் எடுத்திருக்கிறது. சரக்கிலேயே காப்பியைக் கலந்துவிட்டால் ஏறவும் செய்யும், தெளியவும் செய்யும், வண்டியும் ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

தெளியாது. எத்தனை கடுப்பமான காப்பி குடித்தாலும் ரத்தத்தில் இருக்கும் சாராயம் ஒரு துளிகூடக் குறையாது. அதைக் கரைப்பது பெரும்பாலும் கல்லீரல்தான். அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ரேஷன் கடையில் ஒரே ஒரு தராசு இருக்கிறது, வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் தராசு இரண்டாகாது. காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீரில் குளியல், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எல்லாமே வரிசையில் நின்று போடும் சத்தம்தான்.

அப்படியென்றால் காப்பி குடித்ததும் தெளிந்த மாதிரி தெரிகிறதே? தெரியும். காப்பி தூக்கத்தைக் கலைக்கிறது. போதையில் வரும் மந்தத்தில் ஒரு பகுதி தூக்கக் கலக்கம். அது விலகியதும் மனிதன் நிமிர்ந்து உட்காருகிறான், சத்தமாகப் பேசுகிறான். ஆனால் எதிரே வரும் லாரிக்கும் தனக்கும் எவ்வளவு தூரம் என்று கணிக்கும் புத்தி, சட்டென்று பிரேக்கைத் தேடும் கால், "வேண்டாம், இன்றைக்கு இங்கேயே படுத்துக்கொள்வோம்" என்று சொல்லும் நிதானம், இவை எதுவும் திரும்பி வருவதில்லை. கண் சொக்குவது உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. வண்டியில் ஆயில் லைட் எரிகிறது என்று வயரைப் பிடுங்கிவிட்டால் லைட் அணையும், ஆயில் ஏறாது. என்னிடம் வரும் பையன்கள் அந்த வயரைப் பிடுங்கிக்கொண்டுதான் மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் பைக் ஓட்டுகிறார்கள். காப்பி இல்லாமல் அதே அளவு குடித்தவன் பெரும்பாலும் அந்த மாடியிலேயே பாயை விரித்துத் தூங்கியிருப்பான்.

கணக்காகவே சொல்கிறேன், கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம். பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும் சரக்கில் ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி, சுமார் 20 கிராம் சுத்தச் சாராயம். எழுபது கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 40 மில்லிகிராமைத் தொடலாம். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. ஆக, ஒரே லார்ஜில் எல்லை தாண்டக்கூடும். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, முழுவதும் போனால் 120க்கு மேல். உடம்பு மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம்தான் குறைக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்தவன் விடிகாலை நாலு மணிக்கும் எல்லைக்கு மேலேதான் இருப்பான். பெண்களுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் கணக்கு இன்னும் மோசம். நடுவில் எத்தனை டம்ளர் காப்பி என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது. பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும். அபராதம் கட்டுகிறவன் அதிர்ஷ்டசாலி என்பேன். அவன் என் கட்டிலுக்கு வரவில்லை.

காப்பியும் சாராயமும் சேர்வது புதிய விஷயமில்லை. ஐரிஷ் காப்பி 1940களில் அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் விமானத்தளத்தில் ஜோ ஷெரிடன் என்ற சமையல்காரர் குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்குப் போட்டுக் கொடுத்தது. எஸ்பிரெசோ மார்ட்டினி 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் உருவாக்கியது. அங்கெல்லாம் அளந்து ஊற்ற ஒரு ஆள் இருந்தார், கோப்பையும் சின்னது. வீட்டு மாடியில் அளக்க யாரும் இல்லை. தயாரித்து விற்றபோதுகூட இது சரிப்படவில்லை. 2010 நவம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், காஃபீன் (காப்பியில் தூக்கத்தைக் கலைக்கும் பொருள்) சேர்த்த மதுபானம் விற்ற நான்கு கம்பெனிகளுக்கு இது பாதுகாப்பானதில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்கள் சொன்ன காரணமும், எவ்வளவு போதையில் இருக்கிறோம் என்பதைக் குடித்தவனே உணரவிடாமல் காஃபீன் மறைக்கிறது என்பதுதான்.

ஐஸ் போட்டதில் இன்னொரு கெடுதி. குளிரும் இனிப்பும் காப்பியின் கசப்பும் சேர்ந்து சரக்கின் காரத்தை விழுங்கிவிடுகின்றன. தொண்டை எரியாததால் கை தாராளமாகச் சாய்கிறது. அந்தப் பையனிடம் எத்தனை லார்ஜ் என்று கேட்டேன். "நாலு டம்ளர்" என்றான். டம்ளரில் எவ்வளவு சரக்கு என்று நாலு பேருக்கும் தெரியவில்லை. ஜக்கில் பாட்டிலைக் கவிழ்த்துக் கலக்கியிருக்கிறார்கள்.

காப்பியின் அளவும் அப்படித்தான். நம் வீட்டு ஃபில்டர் பொடியில் சிக்கரி இருக்கும், சிக்கரியில் காஃபீன் கிடையாது. கோல்ட் ப்ரூவுக்கு என்று சுத்தக் காப்பிப் பொடி வாங்கி, லிட்டருக்கு நூறு கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தால் அதன் கதையே வேறு. ரொபஸ்டா வகைக் கொட்டையாக இருந்தால் அரேபிகா வகையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு காஃபீன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு 400 மில்லிகிராம் வரைதான் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அந்த டிக்காஷன் ஒரு பெரிய டம்ளரிலேயே 200ஐத் தாண்டக்கூடும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு, செத்துவிடுவேனோ என்ற பயத்தோடு வரும் பிள்ளைகளுக்கு ஈசிஜி எடுத்துவிட்டு நாங்கள் முதலில் கேட்பது இப்போது இதைத்தான். முன்பே இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஐஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விசேஷ வீட்டுக்கு நிறைய ஐஸ் வேண்டும் என்று, மீனுக்கு ஐஸ் போடும் பிளாண்டில் பார் ஐஸ் வாங்கிவந்து சாக்கில் சுற்றி உடைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளச்சல், முட்டம் பக்கம் இது கைக்கெட்டும் தூரம். அது மீனுக்கான ஐஸ், குடிக்கும் தண்ணீரில் போட்டது என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. "சரக்கு ஊத்துறோம்லா, கிருமி செத்துரும்" என்பார்கள். சாகாது. கிருமியைக் கொல்லும் சானிடைசரில் சாராயம் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். உங்கள் டம்ளரில் கலந்த பிறகு 15 இருந்தாலே அதிகம். 1985இல் அமெரிக்காவில் வயிற்றுப்போக்குக் கிருமிகளை ஐஸில் உறையவைத்து விஸ்கி சோடாவிலும் டெக்கீலாவிலும் கரையவிட்டுப் பார்த்தார்கள். கிருமிகள் பிழைத்திருந்தன. கொதித்து ஆறிய தண்ணீரை வீட்டு ஃப்ரீசரில் வையுங்கள், போதும்.

இனிச் சொல்லப்போவது ஒரு குழந்தை விஷயம். மிச்சமிருந்த, சரக்கு கலந்த ஐஸ் காப்பியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறார் ஒரு சித்தப்பா. பார்க்கப் பால் காப்பி, இனிப்பு வேறு. காலையில் நாலு வயசுக் குழந்தை ஃப்ரிட்ஜைத் திறந்து குடித்துவிட்டது. பத்து மணிக்கு என்னிடம் வரும்போது குழந்தை துவண்டு கிடந்தது, கை ஜில்லென்று இருந்தது. விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 41. சின்னப் பிள்ளைகளுக்குச் சாராயம் உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், வலிப்பு வரும், உயிரே போகலாம். அந்த வீட்டில் யாருக்கும் காரணம் புரியவில்லை, கிரகண தோஷமா என்றுகூடப் பேசினார்கள். சித்தப்பாதான் கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதால் எங்களுக்கு வேலை சுலபமாயிற்று. குழந்தை மறுநாள் இட்லி கேட்டது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை. தயவுசெய்து, கலந்த காப்பியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். மிச்சத்தைச் சிங்கில் கொட்டுங்கள். காசு போனால் போகட்டும்.

மறைக்கும் பழக்கத்தைப் பற்றியும் கெஞ்சிக் கேட்கிறேன். "காப்பிதான் டாக்டர் குடிச்சான்" என்று அண்ணன் சொல்வான், வாயிலும் காப்பி வாசனைதான் வரும். தலையில் அடிபட்டவன் குழறுவது சாராயத்தாலா, உள்ளே ரத்தம் கசிவதாலா என்று நாங்கள் அரும்பாடுபட்டுப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். இன்ஷூரன்ஸ் கிடைக்காது, ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேட்டில்) எழுதாதீர்கள் என்று வாசலில் வைத்துக் காதில் சொல்கிறவர்களும் உண்டு. எழுதாமல் இருக்க முடியாது, அது சட்டம். ஆனால் சிகிச்சைக்காகவாவது உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரையைக் காப்பியில் பொடித்துப் போடும் அம்மாக்களுக்கும் இதையே சொல்கிறேன். அது தெரியாமல் அவர் சரக்கு குடித்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். அந்த மாத்திரை அவருக்குத் தெரிந்துதான் கொடுக்கப்பட வேண்டும்.

குடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் விருப்பம். கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். அப்படியானால் சாப்பிட்டுவிட்டுக் குடியுங்கள். இருபத்தொரு வயது ஆகாதவனுக்கு ஊற்றாதீர்கள். சரக்கை ஜக்கில் கவிழ்க்காதீர்கள், டம்ளர் டம்ளராக அளந்து ஊற்றுங்கள். அளக்க எதுவும் இல்லையென்றால் பிள்ளைகளின் காய்ச்சல் மருந்துப் பாட்டில் மூடி இருக்கிறது, அதில் 10 மில்லி கோடு போட்டிருக்கும். மூன்று மூடி ஒரு ஸ்மால், அதோடு நிறுத்துங்கள். காப்பி சேர்த்தே ஆக வேண்டுமென்றால் காஃபீன் நீக்கிய பொடி கடையில் கிடைக்கிறது, ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்னும் நல்லது, சரக்கே இல்லாமல் ஐஸும் கருப்பட்டிப் பாகும் கொஞ்சம் சுக்கும் போட்டு அடித்துப் பாருங்கள். நம் ஊர்க் கருப்பட்டிக்கு முன்னால் மில்க்மெய்ட் நிற்காது. முக்கியமாக, முதல் டம்ளர் ஊற்றுவதற்கு முன்பே வண்டிச் சாவிகளை வாங்கி வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அம்மா, காலையில் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கொடுக்காதீர்கள். "தெளிவாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள், அப்படிச் சொன்னால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள்.

எழுப்பியும் யாராவது எழாமல் கிடந்தால், மூச்சு மெதுவாகி விட்டுவிட்டு வந்தால், உடம்பு ஜில்லிட்டால், தூங்கித் தெளியட்டும் என்று விடாதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். அடிபடாதவரென்றால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி வந்தால் வெளியே வழியட்டும். அடிபட்டிருந்தால் கழுத்தை அசைக்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் தலையையும் உடம்பையும் சேர்த்து ஒன்றாகப் புரட்டுங்கள். வண்டி வரும்வரை பக்கத்திலேயே ஒருவர் உட்காருங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கட்டங்காப்பியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், ராத்திரி முழுக்கக் கட்டில் பக்கத்தில் விழித்திருக்கப்போவது நீங்கள், நீங்கள் குடியுங்கள்.