மால்ட் எக்ஸ்ட்ராக்ட்: சாறா, பாகா?

வீட்டிலேயே பேல் ஏல் என்ற பியர் வகையைத் தயாரிக்க இறங்குபவர் கைக்கு முதலில் வந்து சேர்வது ஒரு டப்பா. மூடியைத் திறந்தால் தேனைவிடக் கெட்டியாக, பழுப்பு நிறத்தில், கரண்டியை விட்டு விழ மனமில்லாத ஒரு பொருள் இருக்கும். டப்பாவின் மேல் 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட்' என்ற பெயர். இதைத் தமிழில் 'மால்ட் சாறு' என்று ஒரு காலத்தில் நானே எழுதியிருக்கிறேன். கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாத ஒன்றைச் சாறு என்று சொல்ல இப்போது மனம் ஒப்பவில்லை.

முதலில் மால்ட். பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்த சொல் இது. ஜெர்மன் மொழியில் 'மால்ட்ஸ்' என்பார்கள். உருகுவதைக் குறிக்கும் 'மெல்ட்' என்ற ஆங்கிலச் சொல் இதற்கு உறவு. இரண்டுக்கும் அடியில் இருப்பது இளகுதல், மென்மையாதல் என்ற பொருள். பெயர் வைத்தவர்கள் மணியைக் கடித்துப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். பச்சை வாற்கோதுமையைக் கடித்தால் பல் வலிக்கும். மால்ட் ஆன மணி மொறுக்கென்று பொடிந்து, மென்ற பிறகு நாக்கில் இனிக்கும்.

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? வாற்கோதுமையை ஊறவைத்து முளைக்கவிட்டால், விதை தன் குருத்துக்குச் சோறூட்டுவதற்காகச் சேமிப்பில் உள்ள மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளை உருவாக்குகிறது. அவை உருவானதும், குருத்து மாவைத் தின்று தீர்ப்பதற்குள், சூடான காற்றில் உலர்த்தி வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். மாவும் மிஞ்சும், அதை உடைக்கும் கருவியும் உள்ளேயே இருக்கும். 1833இல் பையன், பெர்சோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் மால்ட்டிலிருந்துதான் 'டயாஸ்டேஸ்' என்ற நொதியைப் பிரித்தெடுத்தார்கள். நொதி என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டியது அதுவே முதல் முறை. மால்டோஸ் என்ற சர்க்கரையின் பெயரிலும் இந்த மால்ட்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் வழக்கமாகச் சொல்லும் 'முளைகட்டிய தானியம்' பாதி தூரம்தான் வருகிறது. உலர்த்துவது அதில் இல்லை. 'முளைகட்டி உலர்த்திய தானியம்' என்றால் சரிதான், ஆனால் ஒரு சமையல் குறிப்பில் பத்து முறை எழுத முடியுமா?

இங்கேதான் பெரும்பாணாற்றுப்படை கைகொடுக்கிறது. அதில் கள் ஆக்கும் முறை ஒன்று வரிசை தப்பாமல் சொல்லப்படுகிறது. அரிசியைக் களியாகத் துழாவிய கூழ், அதாவது 'துழவை'. அதை அகன்ற வாயுள்ள பிழா என்ற பாத்திரத்தில் ஆறவைத்து, 'பூம்புற நல்லடை அளைஇத் தேம்பட' இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுகிறார்கள். இந்த 'நல்லடை'க்கு நச்சினார்க்கினியர் உரை, நல்ல முளையை இடித்துக் கலப்பது என்று பொருள் சொல்கிறது. தேம்பட என்றால் இனிமை பிறக்கும்படி. வெந்த மாவில் முளையை இடித்துப் போட்டால் இனிப்பு பிறக்கும்! பையனும் பெர்சோவும் பெயர் வைத்த விஷயம் இங்கே பெயரில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த அடை புற்றுக்குள் இருக்கும் குரும்பி, அதாவது புற்றாஞ்சோறு, போல இருந்ததாம். உவமை சும்மா வரவில்லை என்பது என் எண்ணம். முளைவிடும் தானியத்தைக் கிளறாமல் விட்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மொத்தமும் ஒரே அடையாகிவிடும். மால்ட் செய்பவர்கள் அதைத் தவிர்க்கத்தான் அடிக்கடி புரட்டிப் போடுகிறார்கள். அந்தப் பகுதியில் இன்னொரு சொல்லும் உண்டு: 'வழைச்சு அற விளைந்த'. வழைச்சு என்றால் இளமை. முதிராத பியரை ஆங்கிலத்தில் 'பச்சை' என்பார்கள். நமக்கு வழைச்சு இருக்கிறது.

ஆக, மால்ட்டுக்கு 'முளை' போதும் என்பது என் முடிவு. இடம் புரியாத வாசகருக்கு மட்டும் ஒரு முறை 'முளைத்தானியம்' என்று விரித்துச் சொன்னால் சரி.

அப்புறம் எக்ஸ்ட்ராக்ட். லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ட்ராஹெரெ' என்றால் இழுத்தல். வயலில் ஓடும் ட்ராக்டரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சொல்லை மட்டும் பார்த்தால் சாறு, பிழிவு எல்லாம் பொருந்தும். ஆனால் பொருளைப் பார்க்க வேண்டும். முளையை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்குவது முதல் கட்டம். அந்த நீர் சாறுதான். பிறகு அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த சூட்டிலேயே நீரை ஆவியாக்கி, ஏறத்தாழ 80 சதவீதம் திடப்பொருளாகும் வரை இறுக்குகிறார்கள். நீர் வற்றி இறுகிய இனிப்புக்குத் தமிழில் பெயர் பாகு. எனவே முளைப்பாகு. முழுவதும் உலர்த்திப் பொடியாக விற்பது முளைப்பாகுத் தூள்.

முதல் கட்டத்து இனிப்பு நீருக்கு 'ஊறல்' அழகான பெயராக இருந்திருக்கும். நாளிதழ்கள் 'சாராய ஊறல் அழிப்பு' என்று எழுதி எழுதி அந்தச் சொல்லைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டன. நான் முளைநீர் என்று எழுதுகிறேன்.

பேல் ஏலில் உள்ள 'பேல்' வெளிர் நிறம். குடித்துப் பார்த்தவருக்குத் தெரியும், அது அம்பர் நிறத்துக்குக் கூட வரும். விறகுப் புகையில் உலர்த்திய பழைய முளை கருத்துப் போகும். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கல்கரியை, அதாவது நிலக்கரியைச் சுட்டுப் புகை போக்கிய 'கோக்'கை, கொண்டு உலர்த்தத் தொடங்கியதும் வெளிறிய முளை கிடைத்தது. அந்தக் கருப்போடு ஒப்பிட்டு வந்த பெயர். 'வெளிர் ஏல்' என்றால் பொருத்தமே. ஏலை அப்படியே விட்டுவிடலாம்.

சொற்கள் கையில் வந்துவிட்டதால் ஒரு குறிப்பில் ஓட்டிப் பார்ப்போம். 19 லிட்டர் வெளிர் ஏல், தொடக்க ஒப்படர்த்தி (நொதிக்கும் முன் நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.050. தசமத்துக்குப் பின் வருவதை 50 புள்ளி என்று எடுத்தால், 19 லிட்டருக்கு 950 புள்ளி வேண்டும். நிறத்துக்கும் வாயில் உணரும் கெட்டித்தன்மைக்கும் கிரிஸ்டல் என்ற வகை முளையில் 300 கிராமைத் துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் சுமார் 50 புள்ளி கிடைக்கும். மீதி 900. முளைப்பாகு ஒரு கிலோ ஒரு லிட்டரில் ஏறக்குறைய 300 புள்ளி தரும், ஆக 3 கிலோ. தூள் ஏறக்குறைய 365 தரும், ஆக 2.5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டுக்கும் உள்ள அந்த அரைக் கிலோ வித்தியாசம் பாகில் இருக்கும் தண்ணீர்.

கசப்புக்கு, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 6 சதவீதம் உள்ள கேஸ்கேட் வகை ஹாப்ஸ் பூவை 28 கிராம் வீதம் மூன்று முறை போடலாம்: கொதி முடிய 60, 15, 5 நிமிடம் இருக்கும்போது. முழு நீரையும் கொதிக்கவிட்டால் பியரின் கசப்பை அளக்கும் கசப்பு அலகு (ஐபியு) சுமார் 35 வரும். ஈஸ்ட் சேர்த்து 18 முதல் 20 டிகிரியில் நொதிக்கவிட்டு ஒப்படர்த்தி 1.012இல் நின்றால், ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம்.

பாகு என்ற பெயரை மனதில் வைத்திருந்தால் இரண்டு தவறுகள் நடக்காது. ஒன்று, பாகை முழுக்க ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நிறம் ஏறும். வெளிர் ஏல் வெளிராக இருக்காது. பாதியைத் தொடக்கத்திலும் மீதியைக் கடைசி 15 நிமிடத்திலும் சேர்ப்பது நல்லது. இன்னொன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அடுப்பை அணைக்காமல் பாகை ஊற்றினேன். அது நேராக அடியில் போய்ப் படிந்து, நான் கரண்டியை எடுப்பதற்குள் தீய்ந்துவிட்டது. அந்த 19 லிட்டரும் கருகல் வாசத்தோடுதான் பாட்டிலுக்குப் போனது.

அடுத்த முறை தூளுக்கு மாறினேன். ஆவி பறக்கும் பாத்திரத்துக்கு மேலே அளவுக் கரண்டியை நீட்டினேன். தூள் ஆவியைக் குடித்து, கொட்டுவதற்கு முன்பே கரண்டியோடு பாகாக ஒட்டிக்கொண்டது.