மகப்பேறு காப்பீடு வேறு, கருத்தரிப்புச் சிகிச்சை வேறு

கடந்த வாரம் என் மேசைக்கு வந்த கோப்பில் மூன்று சுற்று ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) சிகிச்சையின் ரசீதுகள் இருந்தன. ஊசி மருந்துச் சீட்டுகளின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கூட்டிக் கூட்டி எழுதியிருந்தார்கள். நடுவே ஒரு நகைக்கடன் ரசீதும் தவறுதலாகச் சேர்ந்து வந்திருந்தது. காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மருத்துவரான எனக்கு அதை நிராகரிப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

"மெட்டர்னிட்டி கவர் இருக்கிறதே, டாக்டர்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பிரசவச் செலவுக்கானது. கருத்தரிப்பதற்கு ஆகும் செலவுக்கானது அன்று. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விலக்குப் பட்டியலில், அதாவது காப்பீடு பணம் தராதவற்றின் பட்டியலில், கருவுறாமைக்கு எண் 17, மகப்பேற்றுக்கு எண் 18. கூடுதல் பிரீமியம் கட்டி 18-ஐ நீக்கிக்கொண்டவருக்கு 17 தானாக நீங்கிவிடாது. செயற்கை விந்தேற்றம், ஐ.வி.எஃப்., இக்ஸி (ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை), வாடகைத்தாய் முறை, ஏன், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மாற்றியமைப்பது வரை அதில் பெயர் சொல்லியே விலக்கப்பட்டிருக்கின்றன. "எல்லாம் கவர் ஆகும்" என்று முகவர் வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் இருப்பதில்லை.

2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டமே காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டது என்று வாதிடுவோரும் உண்டு. அந்தக் காப்பீடு கருமுட்டை தானம் தரும் பெண்ணுக்கு, 12 மாதங்களுக்கு. அதற்கும் தம்பதியர்தான் பணம் கட்ட வேண்டும்.

தயவுசெய்து, கருத்தரிப்புச் சிகிச்சைக்காகச் செய்த ஹிஸ்டெரோஸ்கோபியை (கருப்பைக்குள் கருவி செலுத்திப் பார்க்கும் சோதனையை) "வயிற்றுவலி" என்று எழுதி வாங்காதீர்கள். உள்நோயாளிக் குறிப்பின் முதல் வரியிலேயே "திருமணமாகி ஆறு ஆண்டுகள், குழந்தையில்லை" என்று இருக்கும். அதைப் படிக்காமல் நாங்கள் கையெழுத்திடுவதில்லை. மோசடி என்று முடிவானால் பாலிசியே ரத்தாகும், நாளை மாரடைப்புக்கும் கைகொடுக்காது.

சில பாலிசிகளும், சில நிறுவனங்களின் குழுக் காப்பீடுகளும் இச்சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. ஆனால் பெரும்பாலும் காத்திருப்புக் காலமும் உச்சவரம்பும் உண்டு. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, எவ்வளவு, எத்தனை சுற்றுக்கு, எந்த நாளிலிருந்து என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். புதிய பாலிசி கைக்கு வந்தால் 30 நாள்களுக்குள் திருப்பித் தரலாம். அதற்குள் விலக்குப் பக்கத்தையாவது படித்துவிடுங்கள். மருத்துவமனை சொல்லும் பேக்கேஜில் ஊசி மருந்தும், கருவை உறையவைக்கும் கட்டணமும், பின்னொரு மாதம் அதைக் கருப்பையில் வைக்கும் கட்டணமும் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பென்சில் கணக்கு பேக்கேஜ் தொகையையும் தாண்டி ஓடியதற்குக் காரணம் இந்த மூன்றும்தான்.