ஒன்றரை மடங்கில் உ.வே.சா.

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில், உ.வே.சா.வின் ‘நினைவு மஞ்சரி’ கட்டுரைகளைக் கைபேசியில் ஒலிநூலாக ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது என் வழக்கம். ஒருநாள் வீட்டுத் திண்ணையிலும் அதே வேகத்தில் ஓடவிட்டேன். அப்பாயி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா, படிக்கிறவரு எதுக்கு இந்த ஓட்டம் ஓடுறாரு? ஆனா கொரலு மட்டும் கீச்சுன்னு ஆவலையே!”

சரியான கேள்வி. பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் எலிக்குரல்தான் வரும். நொடிக்கு 120 முறை அதிரும் ஆண்குரல், ஒன்றரை மடங்கில் 180 ஆகிவிடும். கைபேசி அப்படி ஓட்டுவதில்லை, வெட்டி ஒட்டுகிறது.

அந்தக் குரலில் 0.2 நொடி நீளும் ஓர் ‘ஆ’வில், கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்த 24 அலைகள் இருக்கும். எட்டை எடுத்துவிட்டால் மிச்சம் 16. ஓசை குறுகியது, ஒவ்வோர் அலையும் பழைய அளவிலேயே இருப்பதால் சுருதி அசையவில்லை. திருபுவனம் பட்டின் கரையில் வரிசையாக மாங்காய் ஓடுகிறது என்று வையுங்கள். நடுவில் நாலு மாங்காயை வெட்டி எடுத்துவிட்டு, மாங்காய்மேல் மாங்காய் படிய ஒட்டுப்போட்டால் சேலை குட்டையாகும், மாங்காய் சிறுக்காது. தப்பி ஒட்டினால் குரல் கரகரக்கும். அதனால் மென்பொருள் சில பத்து மில்லிநொடித் துண்டுகளாக நறுக்கி, முகட்டோடு முகடு பொருத்தி, ஒன்று தேயத் தேய மற்றது ஏறும்படி இழைக்கிறது.

தமிழுக்கு இதில் ஒரு சிக்கல் வரவேண்டும். கண்ணிமைப்பையும் கைநொடியையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். ‘கல்’லும் ‘கால்’லும் அந்த மாத்திரையில்தான் பிரிகின்றன. வேகமாக ஓடினால் ‘கால்’ ‘கல்’லாகிவிடாதா? ஆகாது. இரண்டும் சேர்ந்தே குறுகுகின்றன. மூளையும் கடிகாரம் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களின் வேகத்தை வைத்துத்தான் குறில் நெடிலை எடைபோடுகிறது.

பேச்சின் இடைவெளிகளில் வரும் மௌனத்தை வெட்டிவிடும் வசதியும் சில செயலிகளில் உண்டு; அதில்தான் எனக்குப் பயம். ‘பட்டு’ என்று சொல்லிப் பாருங்கள்: நாக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. அந்த மௌனம்தான் ஒற்று. அதிலும் கத்தி வைத்தால் ‘பட்டு’ ‘படு’வை நோக்கிச் சரியும்.

காது சமாளித்தாலும் நினைவு திணறுகிறது. உ.வே.சா. காலத்து நீண்ட வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரை யார், எங்கே, யாரிடம் என்பதையெல்லாம் தலையில் சுமக்க வேண்டும். கண்ணால் படிப்பவர் சட்டென்று முந்தைய வரிக்குத் திரும்பலாம். கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது.

அப்பாயிக்காக வேகத்தை ஒரு மடங்குக்கு இறக்கினேன். “இப்பத்தான் மனுஷன் உக்காந்து பேசுறாரு” என்றார்.