பழைய மணிக்கூடு வாங்க முதல் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

பழைய மணிக்கூடு கட்டுகிற ஆசை இப்போது எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கும் வந்துவிட்டது. ஃபோனில் படம் பார்த்து, கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ எடுப்பித்து, காசையும் கட்டி முடித்த பிறகு கிளிநொச்சியில் மணிக்கூடு திருத்துகிற என் மேசைக்குக் கொண்டு வருகிறார்கள். "அண்ணை, இது ஒறிஜினல்தானே?" கேட்க வேண்டிய கேள்விதான். காசு கட்ட முதல் கேட்டிருக்கலாம்.

"ஓடுதே, பிறகென்ன?" என்பது விற்பவர்களின் வழக்கமான பதில். ஓடுவது வேறு, அசலாக இருப்பது வேறு. நாலு மணிக்கூட்டின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றை நன்றாக ஓட வைக்கலாம். எங்கள் தொழிலே அதுதான்.

அண்மையில் ஒரு தம்பி கொண்டு வந்த சீக்கோ 5 என்ற ஜப்பான் நிறுவன மணிக்கூட்டைச் சொல்கிறேன். மயில்நீல டயல், சிவப்புச் செக்கன் முள்ளு, பார்க்க நேற்றுச் செய்ததுபோல மினுங்கியது. திருப்பிப் பார்த்தால் பின்மூடி முழுக்கக் கீறல், எழுத்துகள் பாதி தேய்ந்து கிடந்தன. முகத்துக்கு ஒரு வயது, முதுகுக்கு இன்னொரு வயது. சந்தேகம் அங்கேயே தொடங்க வேண்டும். லென்ஸைக் கண்ணில் மாட்டிப் பார்த்தேன். அசல் டயலில் அச்செழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். இதில் மை ஊறிப் பரவியிருந்தது. நிமிடக் கோடுகள் ஒரே இடைவெளியில் இல்லை, நாலு மணிப் பக்கம் ஒரு கோடு மணியைக் காட்டும் எண்குச்சியின் அடியில் போய் முட்டி நின்றது. ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பில், வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டிய பொடி எழுத்து வரி அடியோடு இல்லை. பின்மூடியைத் திறந்தேன். மூடியில் 6309, உள்ளே மெஷினில் 7009. டயலோ யாரோ ஒரு பட்டறையில் புதிதாகப் பூசியது. குறைந்தது இரண்டு மணிக்கூடுகள் செத்து அந்த ஒன்று பிறந்திருக்கிறது.

சீக்கோவில் எண் பார்ப்பது கடினமில்லை. பின்மூடியில் நாலு இலக்கம், ஒரு சிறு கோடு, பிறகு இன்னும் நாலு எழுத்தோ இலக்கமோ இருக்கும். முன்னுள்ள நாலு இலக்கம் மெஷினின் எண். அதே எண் உள்ளே மெஷினிலும், டயலின் கீழ்விளிம்பில் அந்தப் பொடி எழுத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்தால் நல்ல தொடக்கம். கோட்டுக்குப் பின்னால் வருவது மூடியில் ஒன்றாகவும் டயலில் வேறொன்றாகவும் இருக்கும். ஒன்று கேஸின், அதாவது வெளிக்கூட்டின் இலக்கம், மற்றது டயலின் இலக்கம். அதைப் பார்த்துப் "பொய்ச் சாமான்" என்று சண்டைக்குப் போனவர்களும் உண்டு, போக வேண்டாம்.

பின்மூடியில் தனியாகத் தொடர் எண்ணும் இருக்கும். அதன் முதல் இலக்கம் செய்த ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம், ஒக்டோபர், நவம்பர், டிசெம்பருக்கு மட்டும் ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். 83 என்று தொடங்கினால் எட்டில் முடிகிற ஓர் ஆண்டின் மார்ச் மாதம். அது 1978 ஆ, 1988 ஆ என்பதை அந்த மெஷின் எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்பதை வைத்துத்தான் முடிவுகட்டலாம். சீக்கோ 5 என்ற பெயரே 1963 இல்தான் வந்தது. "ஐம்பத்தெட்டாம் ஆண்டு சீக்கோ 5" என்று யாராவது கதை விட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

கதை என்றதும் இன்னொன்று. "அப்பா சவூதியில் நிற்கேக்க வாங்கினது" என்று சொல்லி விற்பார்கள். கிழமை காட்டும் தட்டைத் திருப்பிப் பாருங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போன சீக்கோக்களில் கிழமை ஆங்கிலத்திலும் அரபியிலும் இருக்கும். அரபி இருந்தால் கதைக்கு ஒரு சாட்சி கிடைத்தது, அவ்வளவுதான். அந்தத் தட்டையும் மாற்றலாம்.

டயல் பூசுகிற வேலை பெரும்பாலும் இந்தியாவில், குறிப்பாக மும்பாய்ப் பக்கம் நடக்கிறது. அதனால் இப்படிப்பட்ட மணிக்கூடுகளை 'மும்பாய் ஸ்பெஷல்' என்றே சேகரிப்பவர்கள் கேலி செய்வார்கள். சீக்கோ, ஃபாவர் லூபா, எச்.எம்.ரி. எல்லாம் அங்கே சாயம் மாறும். எச்.எம்.ரி. 1961 இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கிய நிறுவனம். அவர்களின் ஜனதா சாவி கொடுத்து ஓடுகிற எளிமையான, நல்ல சாமான். அதைக் கிளிப்பச்சையிலும் செம்மஞ்சளிலும் கண்டால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முள்ளுகளையும் விடாதீர்கள். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். பாதியில் நின்றாலோ கோட்டைத் தாண்டிப் போனாலோ அது வேறொன்றிலிருந்து வந்த முள்ளாக இருக்கலாம். இருட்டில் ஒளிரும் பூச்சு டயலிலும் முள்ளிலும் ஒரே மாதிரிப் பழுத்திருக்க வேண்டும். சுவிஸ் மணிக்கூட்டில் டயலின் அடியில் 'சுவிஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் 'ரி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பூச்சில் இருப்பது டிரிட்டியம் என்ற கதிர்வீச்சுப் பொருள். 12 ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து அது பாதியாகும். நாற்பது ஐம்பது வருடப் பழசில் அது பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அதற்கும் முந்தியவற்றில் ரேடியம் இருக்கலாம். ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. பாதியாகவே 1600 ஆண்டு எடுக்கும். அந்தப் பூச்சைச் சுரண்டுவதோ ஊதித் துடைப்பதோ வேண்டவே வேண்டாம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகக்கூடாது.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி. 1990களில் வன்னிக்குள் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி உள்ளே வரக்கூடாத சாமான்களில் ஒன்று. பற்றரி மணிக்கூடுகள் எல்லாம் லாச்சிக்குள் போய்ப் படுக்க, கையை ஆட்டினால் ஓடுகிற ஓட்டோமற்றிக்கும் சாவி கொடுக்கிறதும்தான் நேரம் காட்டின. அவற்றுக்கும் புது உறுப்பு எங்கே எடுப்பது? செத்த மணிக்கூட்டைக் கழற்றி உயிரோடு இருந்ததற்குப் போட்டார்கள். ஒன்றின் கண்ணாடி, இன்னொன்றின் சாவி, வேறொன்றின் செக்கன் முள்ளு. ஆகவே பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு வீட்டில் இருந்து வருகிற சீக்கோவில் பொருந்தாத உறுப்பு இருந்தால் அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது திருத்திய மணிக்கூடு. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய திகதிகளும் சின்னக் குறிகளும் இருக்கும். சேர்விஸ் செய்தவர்கள் போட்டது. ஒரு மணிக்கூட்டில் அவற்றை வரிசையாக வாசிக்கக் கிடைத்தால் எனக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. விற்பவர் "ஒருநாளும் திறக்காத சாமான்" என்று சத்தியம் செய்தால் அந்தக் குறிகளே அவருக்குப் பதில் சொல்லும்.

திருத்தியதைத் திருத்தியது என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்கிக் கட்டுங்கள், நல்லாய் ஓடும். அதையே டயல் பூசி, கேஸைப் பொலிஷ் அடித்து, அசலின் விலைக்குத் தள்ளும்போதுதான் எனக்குக் கோபம் வரும். பொலிஷ் அடித்த கேஸைக் கண்டுபிடிப்பது லேசு. வார் மாட்டுகிற காதுகளின் விளிம்பு கூராக இருக்காது, சவர்க்காரக் கட்டி கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். கேஸ் மழுங்கி, பின்மூடி எழுத்து மட்டும் புதிதாக வெட்டியதுபோல நின்றால் மூடி மாறியிருக்கிறது.

ஒமேகா என்று வருபவற்றில் கூடுதல் கவனம் வேண்டும், போகிற காசு அப்படி. உள்ளே மெஷினிலேயே ஒமேகா பெயரும் மெஷின் எண்ணும் வெட்டியிருக்க வேண்டும். டயலிலும் மூடியிலும் பெயர் இருந்தால் போதாது. பழைய பிளாஸ்ரிக் கண்ணாடி அசலாக இருந்தால் அதன் நட்டநடுவில் ஒரு பொடி ஒமேகாக் குறி லென்ஸில் தெரியும். இல்லாவிட்டால் கண்ணாடி மாற்றியது. கண்ணாடி மாற்றுவது பெரிய குற்றமில்லை, மெஷின் வேறென்றால் கதையே வேறு.

தூரத்திலிருந்து வாங்குவதானால் நாலு படம் கேளுங்கள்: வெளிச்சம் அடிக்காமல் நேராக எடுத்த டயல், எண் வாசிக்கக்கூடிய பின்மூடி, மூடி திறந்த மெஷின், மூடியின் உட்புறம். "திறந்தால் தண்ணி போகும்" என்பார்கள். நாற்பது வருடத்து ரப்பர் வளையம் எப்போதோ காய்ந்திருக்கும், திறக்காவிட்டாலும் தண்ணி போகும். நேரில் வாங்குவதானால் திருத்துகிற ஒருவரின் மேசையில் வைத்துத் திறப்பியுங்கள். A9 வீதிப் புழுதிக்குள் நின்று பேனாக்கத்தியால் நெம்ப வேண்டாம், மூடியும் கீறும், மெஷினுக்குள் மண்ணும் போகும். திறக்கக் கூலி பெரிதாக வராது. பார்த்துச் சொல்வதற்கு மட்டும் நான் காசு வாங்குவதில்லை.